ரிலே ஏன் ட்ரிப் ஆகவில்லை?

ஈரோடு பக்கம் ஒரு மாட்டுத்தீவன ஆலை. தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோள மாவு, மொலாசஸ் எல்லாம் சேர்ந்த கலவையை அடுத்த மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போக அங்கே ஒரு ஸ்க்ரூ கன்வேயர் உண்டு. அதை ஓட்டுவது 5 ஹெச்.பி. மோட்டார், நடுவில் ஒரு கியர்பாக்ஸ். ஒருநாள் இரவு ஷிஃப்ட்டில் மொலாசஸ் கூடிப்போய், கலவை களி மாதிரி இறுகி, ஸ்க்ரூ சிக்கிக்கொண்டது. கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் முறிந்துவிட்டது. மோட்டார் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஹாப்பர் நிரம்பி வழிய ஆரம்பித்த பிறகுதான் ஆபரேட்டர் ஓடிவந்து பார்த்திருக்கிறார்.

வேறொரு வேலையாக இரண்டு நாள் கழித்து நான் அங்கே போனபோது பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. "ஓவர்லோடு ரிலேன்னு ஒண்ணு மாட்டி வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு இருக்குது?" என்று முதலாளி எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷாஃப்ட் செலவைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்பது வரை பேச்சு போயிருந்தது. எலக்ட்ரீஷியன் ரிலேயைக் கழற்றி, வெளியே கொண்டுபோய் டெஸ்ட் செய்து வைத்திருந்தார். "ரிலே நல்லாத்தானுங்க இருக்குது. செட்டிங்கும் சரியாத்தான் வெச்சிருக்கறேன். அப்புறம் ஏன் ட்ரிப் ஆகலைன்னுதான் தெரியலீங்க" என்றார்.

அவர் மேல் தப்பில்லை, ரிலே மேலும் தப்பில்லை. ரிலே தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதன் வேலை மோட்டாரைக் காப்பாற்றுவது. மோட்டாருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே! மெஷினைக் காப்பாற்றும் வேலையை அந்த ஆலையில் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. இந்த இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரிலே எதைப் பார்க்கிறது?

மோட்டார் கெட்டுப்போவது பெரும்பாலும் சூட்டினால். காயிலைச் சுற்றியிருக்கும் இன்சுலேஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. பி வகுப்பு என்றால் 130 டிகிரி செல்சியஸ், எஃப் வகுப்பு என்றால் 155, ஹெச் வகுப்பு என்றால் 180. எல்லைக்கு மேலே போனால் உடனே எரிந்துவிடாது, ஆனால் ஆயுள் குறையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் தொழிலில் நெடுநாளாக இருக்கிற கைக்கணக்கு.

காயிலுக்குள் கையை விட்டுச் சூடு பார்க்க முடியாது. அதனால் ஓவர்லோடு ரிலேக்குள் ஒரு மாற்று ஏற்பாடு. மோட்டாருக்குப் போகும் அதே ஆம்பியர் ரிலேக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டையையும் சூடாக்கும். பட்டை வளையும். போதுமான அளவு வளைந்தால் ஒரு நெம்புகோலைத் தள்ளி, காண்டாக்டரை விழவைக்கும். அதாவது, காயில் எவ்வளவு சூடாகியிருக்கும் என்பதை ரிலே வெளியே உட்கார்ந்தபடி ஊகம் செய்கிறது.

இது மெதுவாகத்தான் வேலை செய்ய வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது முழுச் சுமை ஆம்பியரைப்போல ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். அதைப் பார்த்துப் பயந்து ரிலே ஒவ்வொரு முறையும் விழுந்தால் மெஷினே ஓட்ட முடியாது. அதனால் ஐ.இ.சி. 60947-4-1 என்ற சர்வதேசத் தரத்தில் இதற்கென்று கால அளவுகள் வகுத்திருக்கிறார்கள். 10ஆம் வகுப்பு ரிலே ஒன்றை எடுத்துக்கொள்வோம். செட்டிங்கைப்போல 1.05 மடங்கு ஆம்பியர் போனால் இரண்டு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது. 1.2 மடங்கு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஏற்கெனவே ஓடிச் சூடான நிலையில் 1.5 மடங்கு என்றால் 4 நிமிடத்துக்குள். மோட்டார் அப்படியே பூட்டிக்கொண்டு 7.2 மடங்கு இழுத்தால், குளிர்ந்த நிலையிலிருந்து 4 முதல் 10 நொடிக்குள்.

காயிலின் சூட்டுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தும். ஆனால் இரும்பு முறிவதற்கு 10 நொடி தேவையில்லை.

கேட்டதைக் கொடுக்கும் குணம்

இண்டக்‌ஷன் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. மெஷின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவைக் கொடுக்கும். 5 ஹெச்.பி. என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது, நாள் முழுக்க சூடேறாமல் கொடுக்கக்கூடிய அளவு மட்டுமே. அதற்கு மேல் கேட்டால் "முடியாது" என்று சொல்லாது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஆம்பியரைக் கூட்டிக்கொண்டு, கொடுத்துக்கொண்டே போகும். முழுச் சுமையின் முறுக்கு விசையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வரை கொடுத்த பிறகுதான் தோற்று நிற்கும்.

எண்ணில் பார்ப்போம். 5 ஹெச்.பி. என்றால் ஏறக்குறைய 3.7 கிலோவாட். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார் ஷாஃப்ட்டில் முழுச் சுமை முறுக்கு விசை சுமார் 24.5 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியை ஷாஃப்ட்டில் படுக்கையாகப் பொருத்தி, அதன் நுனியில் இரண்டரை கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன திருகல் வருமோ அதுதான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் 40க்கு 1 கியர்பாக்ஸ் இருக்கிறதே! வேகம் நாற்பதில் ஒரு பங்காகும்போது திருகல் நாற்பது மடங்காகும். கியர்பாக்ஸின் இழப்பைக் கழித்தாலும், ஸ்க்ரூ ஷாஃப்ட்டில் அதே ஒரு மீட்டர் கம்பி நுனியில் ஏறக்குறைய 80 கிலோ தொங்குகிற திருகல் வரும்.

அந்த ஸ்க்ரூ நல்லபடியாக ஓடும்போது தேவைப்படுவது இதில் பாதிதான், 40 கிலோ. சிக்கிக்கொண்டால் மோட்டார் தன் உச்சத்துக்குப் போகும். இரண்டரை மடங்கு என்று வைத்தால் 200 கிலோ. இதோடு, 1440 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த ரோட்டர் திடீரென்று நிற்க நேரும்போது அதன் ஓட்டத்தில் இருந்த சக்தியும் ஒரு அடியாக வந்து இறங்கும். 40 கிலோ தாங்கிக்கொண்டிருந்த ஷாஃப்ட் ஒரே மூச்சில் ஐந்து மடங்கைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கதை முடிந்துவிடும்.

முறிந்த பிறகு? மோட்டாருக்குச் சுமையே இல்லை. ஆம்பியர் இறங்கிவிடும். ரிலேக்குள் இருக்கும் பட்டை சூடாக ஆரம்பிப்பதற்குள் சூடாக்க வேண்டிய காரணமே போய்விட்டது. அந்த இரவு நடந்தது இதுதான்.

அப்போ ஆம்பியர் மீட்டர் வைத்தால் போதாதா?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ரிலே மெதுவாக வேலை செய்கிறது என்றால், ஆம்பியரை வேகமாகக் கவனிக்கும் எலக்ட்ரானிக் ரிலே ஒன்றை மாட்டிவிடலாமே? மாட்டலாம். முழுச் சுமைக்கு அருகே ஓடும் மோட்டாருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நம் ஊர் ஆலைகளில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு சைஸ் பெரிய மோட்டார் போடுவதுதான் வழக்கம். அதனால் பெரும்பாலான மோட்டார்கள் பாதிச் சுமையிலோ அதற்கும் கீழேயோ ஓடுகின்றன. அந்த இடத்தில் ஆம்பியர் நம்மை ஏமாற்றும்.

காரணம் இது. மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, உண்மையில் வேலை செய்யும் பங்கு. இன்னொன்று, உள்ளே காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கான பங்கு. இரண்டாவது கைமாற்று மாதிரி. லைனிலிருந்து வாங்கும், அடுத்த கணமே திருப்பிக் கொடுக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ஒரு நொடிக்கு நூறு முறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கடைசியில் செலவு என்று பார்த்தால் ஒயரின் சூட்டைத் தவிர ஒன்றுமில்லை, ஆனால் ஆம்பியர் மீட்டர் அதையும் சேர்த்துத்தான் காட்டும். மெஷின் ஓடினாலும் சும்மா இருந்தாலும் இந்தக் கைமாற்று ஏறக்குறைய ஒரே அளவுதான்.

415 வோல்ட், 5 ஹெச்.பி., 4 போல் மோட்டார் ஒன்றுக்கான தோராயமான எண்கள் இவை. மோட்டாருக்கு மோட்டார் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு மாறாது.

சுமை இல்லை: 3.3 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.15, இழுக்கும் திறன் 0.36 கிலோவாட்
கால் சுமை: 3.7 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.45, 1.2 கிலோவாட்
அரைச் சுமை: 4.6 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.67, 2.2 கிலோவாட்
முக்கால் சுமை: 6.0 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.77, 3.3 கிலோவாட்
முழுச் சுமை: 7.5 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.82, 4.4 கிலோவாட்

முதல் இரண்டு வரியைப் பாருங்கள். சுமையே இல்லாத நிலையிலிருந்து கால் சுமை வரும்போது ஆம்பியர் 3.3இலிருந்து 3.7 ஆகிறது. வெறும் 0.4. கிளாம்ப் மீட்டரில் இதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கிலோவாட் மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆம்பியர் இரண்டே கால் மடங்குதான் கூடுகிறது, கிலோவாட் பன்னிரண்டு மடங்கு கூடுகிறது.

இதோடு வோல்டேஜ் பிரச்சினையும் உண்டு. ஊர்ப்புற லைனில் 415 என்பது பேருக்குத்தான். பகலில் 360, நடுராத்திரி 440 என்றெல்லாம் ஆடும். முழுச் சுமையில் வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறும். சுமை இல்லாதபோது நேர் எதிர். வோல்டேஜ் ஏறினால் காந்தத்துக்கான கைமாற்று கூடி ஆம்பியர் ஏறும். 440 வோல்ட்டில் சும்மா சுற்றும் மோட்டார், 415 வோல்ட்டில் கால் சுமையோடு ஓடும்போது எடுப்பதைவிட அதிக ஆம்பியர் எடுத்துவிடலாம். ஆம்பியரை மட்டும் வைத்துச் சுமையைச் சொல்கிறவர், எடைக்கல் இரவில் ஒன்று, பகலில் ஒன்று என்று மாறும் தராசில் நிறுக்கிறார்.

கிலோவாட்டை எப்படி அளப்பது?

திறனை அளக்க வோல்டேஜையும் ஆம்பியரையும் ஒவ்வொரு கணமும் பெருக்கி, சராசரி எடுக்க வேண்டும். கைமாற்றுப் பங்கு கூட்டலும் கழித்தலுமாக அடிபட்டுப் போய்விடும். வேலை செய்யும் பங்கு மட்டும் மிஞ்சும். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு மூன்று ஒயர் என்பதால் மூன்று வாட் மீட்டர் வேண்டும் என்று தோன்றும். இரண்டே போதும். ஆந்த்ரே புளோந்தெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1893இல் சொன்ன தேற்றம் அது. எத்தனை ஒயரோ அதில் ஒன்று குறைவாக மீட்டர் இருந்தால் மொத்தத் திறனையும் அளந்துவிடலாம்.

இன்று இதையெல்லாம் ஒரு சின்ன சிப் செய்துவிடுகிறது. பேனலில் மாட்டும் மீட்டர்களிலும், சுமை கண்காணிக்கும் ரிலேக்களிலும் இதுதான் உள்ளே இருக்கிறது. வாங்கும்போதும் மாட்டும்போதும் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வேகம். சாதாரண பேனல் மீட்டர் தன் எண்ணைப் புதுப்பிக்கவே ஒரு நொடி எடுப்பது சகஜம். அது கணக்கு எழுதத்தான் உதவும். மெஷினைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த, நொடியின் சிறு பகுதியில் முடிவெடுக்கும் ரிலே வேண்டும்.

இரண்டாவது, சி.டி. மாட்டும் திசை. ஆர் ஃபேஸில் மாட்ட வேண்டியதை ஒய் ஃபேஸில் மாட்டினாலோ, தலைகீழாக மாட்டினாலோ ஆம்பியர் சரியாகத்தான் காட்டும், கிலோவாட் மட்டும் உளறும். மோட்டாரைக் கப்ளிங்கிலிருந்து கழற்றி ஓடவிட்டுப் பாருங்கள். பவர் ஃபேக்டர் 0.1, 0.2 என்ற அளவில் இருந்தால் வயரிங் சரி. சும்மா சுற்றும் மோட்டார் 0.8 காட்டினால் எங்கேயோ மாற்றி மாட்டியிருக்கிறது.

மூன்றாவது, விலை குறைந்த சில கருவிகள் ஒரே ஃபேஸில் அளந்து, மற்ற இரண்டும் அதே மாதிரிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளும். மூன்று ஃபேஸும் சமமாக வராத லைனில் இதை நம்ப முடியாது.

இரண்டு எல்லை, இரண்டு நேரம்

அந்த ஆலையில் பிறகு செய்ததைச் சொல்கிறேன். புது ஷாஃப்ட் போட்ட பிறகு மூன்று நிலையில் கிலோவாட் பார்த்தோம். கியர்பாக்ஸோடு மட்டும், ஸ்க்ரூ இணைக்காமல் ஓட்டினால் 0.45. காலி ஸ்க்ரூவோடு 0.7. சரக்கோடு ஓடும்போது 2.2, அவ்வப்போது 2.6 வரை போய் வந்தது.

மேல் எல்லை 3.2 கிலோவாட், ஒரு நொடிக்கும் குறைவான தாமதம். சாதாரண ஏற்ற இறக்கத்தில் விழாது, இறுகத் தொடங்கினால் விழும். 3.2 கிலோவாட் என்றால் மோட்டாருக்கு முக்கால் சுமைகூட இல்லை. சுமார் 5.8 ஆம்பியர்தான். 7.5க்கு வைத்திருக்கும் ஓவர்லோடு ரிலே அந்த நிலையில் ஆண்டு முழுக்க ஓடினாலும் விழாது, விழவும் கூடாது. மோட்டாருக்கு அது சுகமான சுமை. மெஷினுக்கு அது எச்சரிக்கை.

கீழ் எல்லை 0.55 கிலோவாட், 5 நொடி தாமதம். காலி ஸ்க்ரூவுக்கே 0.7 ஆகும். அதற்கும் கீழே போனால் ஸ்க்ரூ மோட்டாரோடு இணைப்பில் இல்லை என்று அர்த்தம். ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ போயிருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஆம்பியரில் பிடிக்கவே முடியாது. 3.3க்கும் 3.4க்கும் நடுவில் யார் கோடு போடுவது?

இதோடு, ஸ்டார்ட் செய்த முதல் மூன்று நொடிக்கு ரிலே கண்ணை மூடிக்கொள்ளும்படி வைத்தோம். ஸ்டார்ட்டிங் இழுப்பைச் சிக்கல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா?

இந்த எண்களை அப்படியே எடுத்து இன்னொரு மெஷினில் வைத்துவிடாதீர்கள். எல்லை ஒவ்வொரு மெஷினிடமும் கேட்டு வாங்க வேண்டியது. காலியாக ஓட்டிப் பாருங்கள், சரக்கோடு ஓட்டிப் பாருங்கள், மோசமான சரக்கோடும் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

சுமை குறைவதும் ஆபத்துதான்

கீழ் எல்லையைப் பற்றி விவசாயிகளிடம் சொல்லத் தேவையில்லை. போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, சப்மெர்சிபிள் மோட்டார் வெறும் காற்றில் ஓடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மோட்டாரைக் குளிரவைப்பதே சுற்றி ஓடும் தண்ணீர்தான். பம்ப்பின் பேரிங்குக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் நின்றால் சுமை குறையும், ஆம்பியர் குறையும், ஓவர்லோடு ரிலே நிம்மதியாக இருக்கும், கீழே மோட்டார் மட்டும் செத்துக்கொண்டிருக்கும். மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் ஒரு பயிரே வாடிவிடும்.

இதற்காகத்தான் 'டிரை ரன் பிரிவென்டர்' வந்தது. அதில் ஆம்பியரை மட்டும் பார்க்கும் கருவிகள் உண்டு. அவற்றில் இரண்டு விதமான புகார் வரும். ஒன்று, "தண்ணி இருக்கும்போதே நிக்குதுங்க". இன்னொன்று, "ராத்திரி தண்ணியில்லாமலே ஓடியிருக்குதுங்க". இரண்டாவதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். நடுராத்திரி வோல்டேஜ் ஏறும்போது சும்மா சுற்றும் மோட்டாரின் ஆம்பியரும் ஏறும். கருவி அதைச் சுமை என்று நினைத்துக்கொள்ளும். கிலோவாட்டையோ பவர் ஃபேக்டரையோ பார்க்கும் கருவி இந்தத் தவறைச் செய்யாது.

இதனால் முடியாதவை

கல்லோ இரும்புத்துண்டோ உள்ளே விழுந்து ஸ்க்ரூ சட்டென்று நின்றால், எந்த மின்சாரக் கருவியும் போதாது. ரிலே சொல்லி, காண்டாக்டர் விழுந்து, மின்சாரம் நின்ற பிறகும் ரோட்டரின் ஓட்டச் சக்தி மிச்சம் இருக்கும். அந்த அடியைத் தாங்க மெக்கானிக்கல் ஏற்பாடுதான் வேண்டும். ஷியர் பின் அதில் பழையது, மலிவானது. ஷாஃப்ட்டுக்குப் பதிலாக முறிவதற்கென்றே வைத்த ஒரு பின். பின் முறிந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அவசரத்தில் கையில் கிடைத்த ஹைடென்சில் போல்ட்டைப் போட்டுவிட்டால் அடுத்த முறை முறிவது ஷாஃப்ட்தான். கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் சிக்கலுக்குக் கிலோவாட் ரிலே, திடீர் அடிக்கு ஷியர் பின், காயில் சூட்டுக்கு ஓவர்லோடு ரிலே. ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

மோட்டார் ரொம்பப் பெரியதாக இருந்து, அது ஓட்டும் மெஷினில் உடையக்கூடிய பாகம் ரொம்பச் சிறியதாக இருந்தாலும் கஷ்டம். 50 ஹெச்.பி. மோட்டார் ஓட்டும் லைனில் ஒரு சின்னச் சங்கிலி இறுகுவது மொத்தக் கிலோவாட்டில் தெரியவே தெரியாது.

வி.எஃப்.டி. போட்ட மோட்டார் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். வேகம் பாதியானால் அதே முறுக்கு விசைக்குத் திறனும் பாதிதான். அதனால் கிலோவாட்டுக்கு ஒரே எல்லை வைத்தால், மெதுவாக ஓடும்போது மெஷின் இறுகியிருப்பது தெரியாமல் போகும். அங்கே பார்க்க வேண்டியது டார்க். பெரும்பாலான டிரைவ்கள் அதைத் தாங்களே கணித்துக் காட்டும், எல்லை தாண்டினால் நிறுத்தவும் செய்யும். மெனுவில் தேடி அந்த வசதியை இயக்கினால் தனிக் கருவியே வேண்டாம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சாதாரண மீட்டரை மட்டும் மாட்டாதீர்கள். அங்கே வருவது துண்டு துண்டாக வெட்டிய வோல்டேஜ், சாதாரண மீட்டர் அதில் தப்பாகக் காட்டும்.

விழுந்த பிறகு

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுகிற இரண்டு விஷயம்.

ரிலே அடிக்கடி விழுந்தால் செட்டிங்கைக் கூட்டுவது நம் ஆலைகளில் தினசரி நடப்பது. 7.5இல் விழுகிறதா, 9இல் வை. அப்புறம் விழாது. உண்மைதான், அப்புறம் காயில்தான் விழும். கிலோவாட் ரிலேயிலும் இதே ஆசை வரும். விழுந்தது ஏன் என்று எழுதிவைத்த பிறகுதான் எண்ணைத் தொட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தால் நல்லது.

இரண்டாவது, ஓவர்லோடு ரிலேயில் ரீசெட் குமிழுக்கு மேனுவல், ஆட்டோ என்று இரண்டு நிலை இருக்கும். ஆட்டோவில் வைத்தால், பட்டை ஆறியதும் ரிலே தானே சேர்ந்துகொள்ளும். புஷ் பட்டன் ஸ்டார்ட்டராக இருந்தால் பிழைத்தோம், யாராவது பட்டனை அழுத்த வேண்டும். ஃப்ளோட் சுவிட்சோ செலக்டர் சுவிட்சோ வழியாக ஓடும் மெஷினாக இருந்தால் மோட்டார் சொல்லாமல் கொள்ளாமல் தானே கிளம்பும். அந்த நேரத்தில் இறுகிய தீவனத்தைக் கம்பியால் குத்திக்கொண்டு ஒருவர் உள்ளே கைவிட்டிருப்பார். மெஷினைக் காக்க மாட்டிய கருவி மனிதரைத் தின்னும் வழி இது. கன்வேயர், மிக்சர், கிரஷர் எதுவானாலும் ரீசெட் மேனுவலில்தான் இருக்க வேண்டும். சிக்கல் எடுப்பதற்கு முன் மெயின் ஐசொலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே இறங்குகிறவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிலே விழுந்திருக்கிறது என்பதைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஆலையில் ஷாஃப்ட் செலவை முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை. தாளில் மேலே உள்ள ஐந்து வரியையும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தன நாளா மெஷினுக்குக் காவலே இல்லைங்களா?" என்றார். அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன் தினமும் காலையில் சரக்கு விடுவதற்கு முன் காலி ஸ்க்ரூவின் கிலோவாட்டை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். நான் சொல்லித்தரவில்லை, அவராகவே செய்தது. சில மாதம் கழித்து போன் செய்தார். "0.7 இருந்ததுங்க, ரெண்டு வாரமா ஏறி ஏறி 0.9க்கு வந்துருச்சு. சரக்கே இல்லாம ஏன் ஏறுதுன்னு தொறந்து பார்த்தேன். நடு பேரிங் போயிட்டிருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை மாத்திப்போட்டுட்டேன்."

எந்த ரிலேயும் விழவில்லை, எதுவும் முறியவில்லை, உற்பத்தி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இரவு ஷிஃப்ட்டில் யாரும் யாரையும் திட்டவும் இல்லை.